பெரிய செயின்சா வாங்கப் போகிறீர்களா? 70 சி.சி.யா, 90 சி.சி.யா என்பதற்கு என் பதில்

முதலில் கேள்வி என்ன என்று சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவர் மூன்று வருடமாக 58 சி.சி. சைனா மெஷினை வைத்து மரம் அறுக்கிறார். இப்போது பழைய மாந்தோப்பு, பட்டா நிலத்துப் புளியமரம் என்று மொத்தமாகப் பேசி எடுக்கத் தொடங்கியிருக்கிறார். கையில் ஒரு லட்சம் இருக்கிறதாம். இருப்பதிலேயே பெரிய மெஷினாக, 36 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்டு வாங்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமா, 90 சி.சி. போதுமா, இல்லை 120 சி.சி.யே எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

நான் அரூர் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலையில் இருக்கிறேன், பத்து வருடமாக மெஷின் ரிப்பேரும் பார்க்கிறேன். என் பதில் இதுதான் தம்பி: முதலில் 70 சி.சி. வாங்குங்கள், 20 இஞ்ச் பார் ஒன்று, 25 இஞ்ச் பார் ஒன்று, இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். 90 சி.சி.யை இரண்டாவது மெஷினாக, அதற்கென்று வேலை வந்த பிறகு வாங்குங்கள். 120 சி.சி. உங்களுக்கு வேண்டியதில்லை. ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு முடிவில்தான் பல பேர் பணத்தையும் முதுகையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தை அளக்க வேண்டும். ஒரு டேப்பை எடுத்து நெஞ்சு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பிடியுங்கள், வரும் இஞ்சை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். முப்பது நாற்பது வருடத்து பெங்களூரா மாமரம் ஆறு அடி சுற்றளவு என்று வையுங்கள், 72 இஞ்ச், அதாவது குறுக்கே 23 இஞ்ச். எட்டு அடி சுற்றளவுள்ள புளியமரம் குறுக்கே 30 இஞ்ச் சொச்சம். பத்து அடி சுற்றளவு என்றால் 38 இஞ்ச். ஒரு பக்கம் அறுத்துவிட்டு மறுபக்கம் வந்து அறுக்கத் தெரிந்தால், பாரின் நீளத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு குறுக்களவுள்ள மரத்தை அறுக்கலாம். அப்படியானால் 25 இஞ்ச் பாரில் பத்து அடி சுற்றளவு வரைக்கும் போய்விடலாம். அதற்கு மேல் சுற்றளவுள்ள மரம் வருடத்துக்கு எத்தனை உங்கள் கைக்கு வருகிறது? உங்கள் பழைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள், அந்த எண்ணிக்கைதான் 36 இஞ்ச் பார் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும்.

இன்னொன்று. ஒரு புளியமரத்தைச் சாய்க்க அடியில் போடும் அறுப்பு இரண்டு மூன்றுதான். சாய்ந்த பிறகு வாது கழிக்க, கொப்பு வெட்ட, லாரிக்கு ஏற்ற அளவாகத் துண்டு போட ஐம்பது அறுப்பு, அறுபது அறுப்பு. அந்த இரண்டு அறுப்புக்காக வாங்கிய மெஷினை வைத்துக்கொண்டு மீதி ஐம்பது அறுப்பையும் குனிந்து நின்று போட்டால் மத்தியானத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும். கை நடுங்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

சரி, எடைக் கணக்கைப் பார்ப்போம். ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 382 என்பது 72.2 சி.சி., 3.9 கிலோவாட், பார் செயின் இல்லாமல் 6.2 கிலோ. ஹஸ்க்வர்னா கம்பெனியின் 372 எக்ஸ்பியும் 70.7 சி.சி.யில் ஏறக்குறைய அதே சக்தி, அதே எடை. அடுத்த படி எம்.எஸ். 661, 91.1 சி.சி., 5.4 கிலோவாட், 7.4 கிலோ. ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி 93.6 சி.சி., 4.9 கிலோவாட், 7.9 கிலோ. இவற்றில் 36 இஞ்ச் பாரும் செயினும் மாட்டி, பெட்ரோலும் ஆயிலும் நிரப்பினால் 10 கிலோவைத் தாண்டிவிடும். அதற்கும் மேலே எம்.எஸ். 881, 121.6 சி.சி., 6.4 கிலோவாட், ஹஸ்க்வர்னா 3120 எக்ஸ்பி 118.8 சி.சி., 6.2 கிலோவாட். 3120 வெறும் மெஷினே 10.4 கிலோ, நீளமான பார் போட்டு நிரப்பித் தூக்கினால் 14 கிலோவுக்குக் குறையாது. இந்த 120 சி.சி. மெஷின்கள் முக்கியமாகப் பெரிய கட்டையைத் தரையில் கிடத்தி, சட்டம் மாட்டி, நீளவாக்கில் பலகை போடவும், ராட்சத மரங்களின் தூரை அறுக்கவும் இருப்பவை. மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிக்கொண்டு நடந்து, நாள் முழுக்க மரம் சாய்க்க அதை எடுப்பது நெல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு களை எடுப்பது போல.

அப்படியானால் சி.சி. முக்கியமே இல்லையா என்றால், முக்கியம்தான். உங்கள் 58 சி.சி. மெஷின் புளியமரத்தில் திணறுவது உண்மை. அந்த மெஷின்களில் 22 இஞ்ச் பார் போட்டுக் கொடுக்கிறார்கள், மாமரத்தில் ஓடும், தைல மரத்தில் ஓடும், ஆனால் புளியின் கறுத்த வைரத்துக்குள் பார் முழுதாக இறங்கினால் செயினை இழுக்க இன்ஜினுக்குத் தெம்பு இருக்காது. ஓட்டுபவர் அழுத்துவார், கிளட்ச் வழுக்கும், கிளட்ச் டிரம் சூடேறி நீலமாகும், கடைசியில் ஆயில் பம்பு ஓட்டும் பிளாஸ்டிக் கியர் உருகும். என் கடைக்கு ரிப்பேருக்கு வரும் சைனா மெஷின்களில் பெரும்பாதி இந்தக் கதைதான். பார் நீளம் கூடக் கூட இன்ஜினுக்குச் சுமை கூடும், அதனால் ஒரே மெஷினில் நீளமான பார் போட்டால் ‘பெரிய மெஷின்’ ஆகிவிடாது, பலவீனமான மெஷின்தான் ஆகும். 70 சி.சி.யில் 20 இஞ்ச் போட்டால் புளியில் பறக்கும், 25 இஞ்ச் போட்டால் பொறுமையாகப் போகும், 30 போட்டால் அழும்.

90 சி.சி. எப்போது வாங்க வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு தெளிவான வேலை இருக்கிறது. கறிக்கடைக் கட்டை. கறி வெட்டும் கட்டைக்குப் புளிய மரத்தை விட்டால் வேறு மரத்தை யாரும் விரும்பமாட்டார்கள், கத்தி பட்டாலும் தூள் உதிராது. இரண்டரை அடி, மூன்று அடி குறுக்களவில், ஒன்றரை அடி உயரத்தில் வட்டத் துண்டு கேட்பார்கள், இரண்டு முகமும் தட்டையாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்து அறுத்துச் சேர்த்தால் நடுவில் படிக்கட்டு விழுந்துவிடும், அப்புறம் இழைத்துச் சரிசெய்ய ஒரு நாள் போகும். 36 இஞ்ச் பாரோடு 90 சி.சி. இருந்தால் ஒரே இறக்கில் கண்ணாடி மாதிரி முகம் கிடைக்கும். விறகாக டன் கணக்கில் போனால் கிடைப்பதற்கும் கட்டையாகப் போனால் கிடைப்பதற்கும் பெரிய வித்தியாசம். இப்படி மாதத்தில் சில கட்டை ஆர்டர் நிச்சயமாக வருகிறது என்றால் 90 சி.சி. தன் விலையைத் தானே சம்பாதிக்கும். அது வரும் வரைக்கும் கட்டை போடும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். அப்படி 36 இஞ்ச் பார் போடும்போது எல்லா இடத்திலும் பல் உள்ள செயினை வாங்காமல், இடைவெளி விட்டுப் பல் வைத்த செயினாகக் கேட்டு வாங்குங்கள், பல் மூன்றில் ஒரு பங்கு குறையும், தூள் வெளியே வர இடம் இருக்கும், இன்ஜினுக்குச் சுமையும் குறையும்.

செயின் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல செயின் போட்ட 50 சி.சி. மெஷின் மழுங்கிய செயின் போட்ட 90 சி.சி.யைத் தோற்கடிக்கும். செயின்சாவின் பல் சாதாரண ரம்பத்தின் பல் கிடையாது. 1940களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு தூரைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழு மரத்தை நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் ஒரே மாதிரி எளிதாகத் தின்பதைப் பார்த்தார், அதன் தாடையைப் போல இடது வலது என்று மாறி மாறி வரும் பல்லைச் செய்தார். இன்றைக்கு நாம் ஓட்டும் செயின் அதிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு பல்லும் ஒரு சின்ன உளி, இழைப்புளி மாதிரி சீவி எடுக்கும். அதனால் கூராக இருந்தால் சீவல் வரும், மழுங்கினால் மாவு வரும். உங்கள் காலடியில் விழுவது மாவாக இருந்தால் மெஷினை அணைத்துவிட்டு அரத்தை எடுங்கள், மெஷினை அழுத்தாதீர்கள்.

70 சி.சி.க்கும் 90 சி.சி.க்கும் எட்டில் மூன்று இஞ்ச் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) செயின் போதும். பாயிண்ட் 404 இஞ்ச் பிட்ச் தடித்த செயின், அது 120 சி.சி.க்குத்தான் பொருத்தம். பல்லில் இரண்டு வகை உண்டு, முனை சதுரமாக இருப்பது ஒன்று, முனை உருண்டையாக இருப்பது ஒன்று. சதுர முனை சுத்தமான பச்சை மரத்தில் வேகமாகப் போகும், ஆனால் கொஞ்சம் மண் பட்டால் போதும், கூர் போய்விடும். நம்ம ஊர் மரம் எப்போது சுத்தமாக இருந்தது? மழைக்குச் செம்மண் தெறித்துப் பட்டையில் அடி வரைக்கும் ஏறியிருக்கும், புளியின் பொந்துக்குள் கறையான் மண் இருக்கும், சின்னப் பையன்கள் திணித்த கல் இருக்கும். உருண்டை முனைச் செயினையே வாங்குங்கள். தென்னை அறுப்பவர்களுக்கும் இதே பதில்தான், தென்னையும் பனையும் செயினை மணல் காகிதம் போலத் தேய்க்கும்.

கடையில் செயின் கேட்கும்போது ‘25 இஞ்ச் செயின் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். பிட்ச், தடிமன், டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) எண்ணிக்கை, இந்த மூன்றும் பாரிலேயே பொறித்திருக்கும், அதைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டில் பெரிய மெஷினின் பார் பள்ளத்தின் அகலம் பொதுவாக 1.6 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவுக்கு 1.5. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் மாற்றிப் போட்டால் ஒன்று மாட்டாது, இல்லை தளர்ந்து ஆடிப் பாரைத் தின்னும். பார் மாட்டும் போல்ட் அளவும் இரண்டு கம்பெனிக்கும் வேறு. 84 லிங்க் செயினில் 42 பல் இருக்கும், 72 லிங்கில் 36 பல், 36 இஞ்ச் பாருக்கு வரும் 114 லிங்கில் 57 பல். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு என்றாலும் 57 பல்லைத் தீட்டக் காட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நீளமான பாருக்கு இப்படி ஒரு செலவும் இருக்கிறது, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரம் 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர், கம்பெனி சொல்வதைப் பாருங்கள், கோணம் 30 டிகிரி. அப்புறம் நாலைந்து முறை தீட்டிய பிறகு பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், அது பல் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் சரி. இதற்கு ஒரு சின்னத் தகடு விற்கிறார்கள், அதை வைத்து மட்டும் இறக்குங்கள், கண் பார்வையில் இறக்கினால் பல் மரத்தைக் கடித்து மெஷின் கையை உதறும்.

ஆணிக்கதையும் சொல்லிவிடுகிறேன். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு பழைய புளியமரத்தை அறுத்தேன், அன்றைக்குத்தான் பிரித்த புது செயின். அரை அடி உள்ளே போனதும் பொறி பறந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அடித்த தகட்டு ஆணிகள், மரம் மேலே வளர்ந்து மூடிவிட்டிருக்கிறது. பத்துப் பல் மூக்கறுந்து போயிற்று. அன்றிலிருந்து சாலையோரத்திலோ வீட்டு வாசலிலோ நின்ற மரம் என்றால் பழைய செயினை மாட்டித்தான் முதல் அறுப்புப் போடுவேன். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் நிறுத்துங்கள், அங்கே இரும்பு இருக்கிறது.

இனி எந்தக் கம்பெனி என்ற கேள்வி. இரண்டும் நல்ல கம்பெனிதான், இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது கடையைத்தான். கடைக்குப் போய் மெஷினைக் காட்டச் சொல்வதற்கு முன்னால் ஐந்து சாமான் கேளுங்கள்: ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்), ஆயில் பம்பு, ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், ஏர் ஃபில்டர், பிஸ்டன் செட். ஐந்தும் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினால் அங்கே வாங்குங்கள். ‘ஆர்டர் போட்டால் பத்து நாளில் வரும்’ என்றால், நீங்கள் தோப்பு பேசி ஆட்களைக் கூட்டி வைத்திருக்கும்போது அந்தப் பத்து நாள் கூலியை யார் கொடுப்பது? சேலமோ ஓசூரோ, உங்களால் காலையில் போய் மத்தியானம் திரும்ப முடிகிற தூரத்தில் சாமான் இருக்க வேண்டும். இன்னும் மலிவாக, பெரிய கம்பெனியின் பெயரையும் நிறத்தையும் அப்படியே போட்டுக் கொண்டு வரும் போலி மெஷின்கள் சந்தையில் இருக்கின்றன. பில், வாரண்டி அட்டை, மெஷின் உடம்பில் பொறித்த சீரியல் நம்பர், மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கார்பரேட்டர் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. எம்.எஸ். 661இல் வரும் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா 592 எக்ஸ்பியில் வரும் ஆட்டோடியூன் இரண்டும் தானே பெட்ரோல் காற்று அளவைச் சரிசெய்துகொள்ளும், எம்.எஸ். 500ஐ-யில் கார்பரேட்டரே கிடையாது, இன்ஜெக்‌ஷன்தான். அருமையான மெஷின்கள், 500ஐ 79.2 சி.சி.யில் 5 கிலோவாட் தரும். ஆனால் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும். திருகு வைத்த பழைய வகைக் கார்பரேட்டரை ஊத்தங்கரையிலோ பாலக்கோட்டிலோ தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்துவிடுவார். முதல் மெஷினுக்குத் திருகு வைத்ததையே சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதிதான். தர்மபுரியில் திருகிய மெஷினைத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொண்டுபோனால் கொஞ்சம் புகை விடும், அவ்வளவுதான், ஒன்றும் ஆகாது. மேலே திருகியதைக் கீழே கொண்டுவந்தால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து ஓடும், சத்தம் கூர்மையாகக் கேட்கும், வேகமாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள், பிஸ்டன் பிடித்துவிடும். இடம் மாறினால் திருகைப் பாருங்கள்.

பெட்ரோலைப் பற்றி. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், அதில் 2டி ஆயில் இருக்காது. டேங்கின் அடியில்தான் உறிஞ்சும் குழாய் இருக்கிறது, வெறும் தண்ணீர் கலந்த சாராயத்தைக் குடித்து இன்ஜின் இறுகிப்போகும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, தானே அணையும் வரைக்கும் ஓட்டிவிட்டு வையுங்கள். அளவு 50க்கு 1, ஐந்து லிட்டருக்கு 100 மில்லி, டப்பாவில் ஜாசோ எஃப்டி என்று தரம் போட்ட 2டி ஆயில். என்னிடம் வேலை செய்த பையன் ஒருவன் கலக்காத பெட்ரோல் கேனை மாற்றி ஊற்றிவிட்டான், பதினைந்து நிமிடத்தில் பிஸ்டனும் சிலிண்டரும் போயிற்று. தப்பு அவனுடையது இல்லை, இரண்டு கேனும் ஒரே நிறமாக வைத்திருந்த நான் செய்தது. இப்போது கலந்தது சிவப்புக் கேன், கலக்காதது வேலை நடக்கும் இடத்துக்கே வராது.

பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றாதீர்கள். எல்லோரும் ஊற்றுகிறார்கள், தெரியும். லாரியில் வடித்த கறுப்பு ஆயிலில் இரும்புத் தூள் இருக்கிறது, ஆயில் பம்பைத் தின்கிறது, பார் பள்ளத்தைத் தின்கிறது, நாள் முழுக்க உங்கள் வேட்டியிலும் தோலிலும் தெறிக்கிறது, அது தோலுக்கு நல்லதில்லை. நீளமான பாரில் முனை வரைக்கும் ஆயில் போக வேண்டும் என்பதால் பெரிய மெஷினுக்கு இது இன்னும் முக்கியம். ஆயில் போகிறதா என்று பார்க்க, வெளுத்த அறுப்பு முகத்துக்கு நேராகப் பார் முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து முடுக்குங்கள், ஒரு கோடு தெறித்து விழ வேண்டும். விழவில்லையென்றால் அடுத்த அறுப்பைப் போடாதீர்கள்.

உங்கள் ஒரு லட்சத்தை முழுவதும் மெஷினில் கொட்டாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். செயின்சாவுக்கென்று ஒரு பேண்ட் இருக்கிறது, உள்ளே நீளமான நார் அடுக்கு அடுக்காக இருக்கும், செயின் பட்டால் நார் இழுபட்டு ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். அதில் வகுப்பு உண்டு, முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது, இரண்டாவது 24, மூன்றாவது 28. பெரிய மெஷினை முழுதாக முடுக்கினால் செயின் 20 மீட்டரைத் தாண்டும், அதனால் பெரிய மெஷின் வாங்கும்போது பேண்டையும் மேல் வகுப்பாக வாங்க வேண்டும், அப்போதும் அது காயத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கூடவே இரும்பு முனை வைத்த பூட்ஸ், காது மூடியும் முகவலையும் வைத்த ஹெல்மெட். வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு 90 சி.சி. ஓட்டுபவர்களை நான் பார்க்காத மாதம் இல்லை. அவர்களில் ஒருவரை முழங்காலுக்கு மேல் துண்டைக் கட்டி நானே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தர்மபுரிக்கு ஓடியிருக்கிறேன். தொழிலில் என்னைவிட மூத்தவர். அதற்குப் பிறகு அவர் மெஷினைத் தொடவில்லை.

பெரிய மெஷினை மரத்தின் மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். மேலே ஏறி வாது கழிப்பவருக்கு மேல்கைப்பிடி வைத்த சின்ன மெஷின் தனியாக வருகிறது, மூன்று நாலு கிலோதான், அதையும் இடுப்புக் கயிறு, மெஷின் கயிறு இரண்டும் கட்டி, இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். 70 சி.சி.யைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து ஒரு கையில் பிடித்து அறுப்பதை வீரமாக நினைக்கிறார்கள். பார் முனையின் மேல்பாதி இன்னொரு கொப்பில் பட்டால் போதும், கண் இமைப்பதற்குள் மெஷின் முகத்துக்கு எகிறும், ஒரு கையால் நிறுத்த முடியாது. வாங்கும்போது முன்பக்கச் செயின் பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள், செயின் அந்த நொடியே நிற்க வேண்டும், பழைய மெஷின் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை, மெஷின் பெரிதானால் கூப்பிடும் மரமும் பெரிதாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். சாலையோரப் புளியமரம், ஏரிக்கரை மரம் எல்லாம் அரசுடையது, மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியைக் கையில் பார்க்காமல் மெஷினை இறக்காதீர்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்துவிட்டது. சந்தனம் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. ‘எல்லாம் பேசியாயிற்று’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் ஆள் மரம் விழுந்த பிறகு போனை எடுக்கமாட்டார், மெஷின் மட்டும் பறிமுதலாகும்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியது. கடையிலேயே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் நீங்களே இழுத்துப் பாருங்கள். பெரிய மெஷினில் அமுக்கம் குறைக்கும் ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்திவிட்டு இழுக்கப் பழகுங்கள், இல்லையென்றால் கயிறு விரலைப் பின்னுக்கு இழுக்கும். சும்மா ஓடும்போது செயின் அசையக் கூடாது. முதல் நாலைந்து டேங்க் வரைக்கும் மரத்தில் இறக்காமல் வெறுமனே முழுதாக முடுக்கி அலறவிடாதீர்கள். புது செயின் முதல் நாள் நீளும், ஒவ்வொரு அரை மணிக்கும் நிறுத்தி இழுத்துப் பாருங்கள், ஆறிய பிறகு இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால் வேலை முடிந்ததும் அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள், தளர்த்திவிட்டு வையுங்கள். ராத்திரி ஆறும்போது செயின் சுருங்கும், காலையில் பார்த்தால் கையால் இழுக்க முடியாத அளவு இறுகி, கிராங்க் பேரிங்கை இழுத்துக்கொண்டிருக்கும்.